அம்மா விழாத படம்

அந்தக் கேமராவில் எனக்கும் என் சிநேகிதனுக்கும் சமபங்கு. மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தின் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள். பிறகு ஈப்போவில் ஒரே கடை மாடியில் ஸ்டூடியோ வைத்தோம். கூடப்பிறந்தவனைக்கூட நான் அவ்வளவு நம்பியதில்லை.

துருத்தி வைத்த பெரிய கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதன் சூட்சுமம் லென்ஸ் பூட்டிய முன்பலகையில் இருக்கிறது. உயரமான கட்டடத்துக்காகக் கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் தூண்கள் சரிந்து விழும். கேமராவை நேராக வைத்து முன்பலகையை மட்டும் மேலே ஏற்றினால் அவை ஒழுங்காக நிற்கும். நீளமான வரிசையை ஓரத்திலிருந்து எடுக்கும்போது, முன்பலகையை வரிசையின் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். கிட்டே நிற்பவரும் கடைசியில் நிற்பவரும் ஒரே தெளிவில் விழுவார்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் ஓர் இடம் மட்டும் தெளிவாகும், மற்றதெல்லாம் புகை.

தோட்டம் கைமாறி லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவரவர் வாசலில் நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்ள எல்லாரும் ஆசைப்பட்டார்கள். கமுந்திங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர்கள் லீவு போட்டுவிட்டுக்கூட வந்தார்கள். அம்மா வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு நின்றார். "வீட்டுக்கு ஒரு படம் கண்டிப்பா வேணும்லா," என்று பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை சொன்னார்.

முன்பலகையைத் திருப்பி, எல்லா வாசலும் தெளிவாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, திருகை இறுக்கியவன் நான்.

"நீ போய் அம்மா பக்கத்துல நில்லு மச்சான். நான் பாத்துக்கிறேன்," என்றான் அவன். போய் நின்றேன். அவன் துணிக்குள் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நான்கைந்து நாளில் புல்டோசர் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுருச்சு மச்சான். ஒண்ணுமே விழல." அவனை நான்தான் தேற்றினேன். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, திட்டு வாங்கியதும் நான்தான்.

போன மாதம் ஈப்போ பழைய டவுனில் அவனுடைய படக் கண்காட்சி. அவனே கூப்பிட்டான், அம்மாவையும் அழைத்துப் போனேன். நுழைந்ததும் சுவர் அகலத்துக்கு எங்கள் லயம், கறுப்பு வெள்ளையில். கீழே 'மறைந்தவர்கள்' என்று பெயர். மங்கலிலும் தூண்கள் எல்லாம் நேராக நின்றன, மனிதர்கள்தான் கரைந்து போயிருந்தார்கள்.

"நான் இறுக்கின பலகை தானா எதிர்ப்பக்கம் திரும்பாதுடா," என்றேன்.

"ஆர்ட் மச்சான். வரிசையா தெளிவா நின்னா யாரு பாப்பாங்க? சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

முதல் வாசலைப் பார்த்தேன். அங்கே நின்றது அவனுடைய அம்மா. கண்ணாடி வளையல்கூட எண்ணிப் பார்க்கிற தெளிவு.

"இவங்க ஏன்டா மறையல?"

கழுத்தறுப்பதிலும் இவ்வளவு கணக்கா என்று நினைத்தேன்.

அதற்குள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் போயிருந்தார். எங்கள் பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. "ஒங்கம்மா நல்லா விழுந்திருக்காய்யா," என்று அவனைப் பார்த்துச் சிரித்தார். "நான் எங்க நிக்கிறேன்? காட்டேன்."

சின்ன வயதில் பாதி நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன் அவன். குனிந்து, வரிசையைத் தடவிப் பார்த்து, ஒரு வெள்ளைக் கறையில் விரல் வைத்தான். நான் வாசல்களை எண்ணிப் பார்த்தேன்.

அது பக்கத்து வீட்டு அக்கா.