பன்னிரண்டாம் எண் படிவம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் கல்லூரி வாத்தியாராக இருந்தேன். பி.ஏ. வரலாறு படிப்பவர்களுக்குத் துணைப்பாடமாகச் சமூகவியல் எடுக்க வேண்டும். ‘சமூக அமைப்பு: வடிவங்களும் பணிகளும்’ என்று ஒரு பாடம். குடும்பம், சாதி, ஊர் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அது எப்படி இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று விளக்க வேண்டும். கரும்பலகையில் கட்டம் போட்டு அம்புக்குறி இழுப்பதில் எனக்கு நல்ல பேர். ஜனங்கள் அந்தக் கட்டங்களுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த வருஷம் எனக்குப் புத்தி கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. நோட்ஸ் கொடுத்தால் போதாது, பையன்களை ஒரு தெருவுக்கே அனுப்பி விசாரிக்க வைக்கலாம் என்று கிளம்பினேன். முன்பின் தெரியாதவர்களை யார் வாசலில் நிறுத்திப் பேசுவார்கள்? அதனால் தேரடிக்குப் பின்னால் நான் குடியிருந்த தெருவையே எடுத்துக்கொண்டேன். வாத்தியார் அனுப்பினார் என்றால் கதவு திறக்கும். நாற்பது வீடு, நாற்பது மாணவர்கள். சைக்ளோஸ்டைல் எடுத்த படிவத்தில் பதினான்கு கேள்விகள். யார் வீட்டில் சாப்பிடுவீர்கள், யாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பீர்கள், யாரைக் கூப்பிட மாட்டீர்கள் என்பவைதான் முக்கியமானவை. கடைசியில் ‘குறிப்பு’ என்று நான்கு வரி இடம். “பாத்தத எழுதுங்க, நெனச்சத எழுதாதீங்க” என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

தெருவில் பன்னிரண்டாம் எண் என் வீடு. அதை விட்டுவிடலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, “ஏன், வாத்தியார் வீட்டுக்குக் கொம்பு முளைச்சிருக்கா?” என்று வீறாப்பாகச் சொன்னேன். சீட்டுக் குலுக்கிப் போட்டதில், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற மாணவனுக்கு அது விழுந்தது. அவன் வீடு ஊருக்கு வெளியே காலனியில். வகுப்பில் அவன்தான் முதல். என் அம்புக்குறி தப்பாகப் போனால் அவன்தான் எழுந்து சொல்வான். அவனுக்கு என் வீடு விழுந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. நம் வீட்டில் அவனை நல்லபடியாக நடத்துவார்கள் என்று நினைத்தேன். எந்த தைரியத்தில் நினைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மனைவியிடம், “பசங்க வருவாங்க, கேக்கறதுக்கு உள்ளது உள்ளபடி சொல்லு” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் படிவங்கள் வந்து சேர்ந்தன. அவனும் எப்போதும்போல் வணக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். யாரைக் கூப்பிட மாட்டீர்கள் என்ற கேள்விக்கு நேராக, அவனுடைய முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது: ‘காலனிக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுவோம். மாமியார் காலத்திலிருந்து இப்படித்தான். வீட்டுக்காரருக்கும் தெரியும்.’

அதற்குக் கீழே குறிப்பு: ‘பதில் சொன்னவர் அன்பாகப் பேசினார். என் ஊரையும் தெருவையும் கேட்டார், சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். டம்ளரைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.’

நினைத்தது ஒன்றுகூட இல்லை. பார்த்ததை மட்டும் எழுதியிருந்தான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் குதித்தேன். அவள் அசரவில்லை. “நீங்கதான உள்ளது உள்ளபடி சொல்லச் சொன்னீங்க? பொய் சொல்லணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“அந்த டம்ளர்ல ஏன் குடுத்தே?”

“உங்க அம்மா உள்ள உக்காந்து பாத்துனு இருந்தாங்க. நான் வேற என்னா பண்றது? அவங்கள போயி கேளுங்களேன்.”

அம்மா கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். “என்னாடா?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா” என்றேன். நாற்பது வயதில் என் வீரம் அவ்வளவுதான். வாசல் மாடத்தில் இருக்கும் அந்த அலுமினிய டம்ளரைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் செருப்பு மாட்டிக்கொண்டு பாடம் நடத்தப் போயிருக்கிறேன். அது யாருக்கு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை, தெரியும் என்பதால்.

திங்கட்கிழமை எல்லாப் படிவங்களையும் வகுப்பில் வாசித்துக் கூட்டல் போட வேண்டும். வாசித்தால் என் மானம் போகும். அதைவிட, அத்தனை பேர் முன்னால் அவன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மாற்றி எழுதினால் நான் வாத்தியாரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிரிவலப் பாதையில் இறங்கி நடந்தேன். அடி அண்ணாமலை தாண்டியும் ஒரு வழியும் தோன்றவில்லை. மலையைச் சுற்றிய பாதை திரும்பவும் தெருமுனையில் கொண்டுவந்து விட்டது.

கடைசியில் கோழைகள் செய்வதைச் செய்தேன். பன்னிரண்டை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு மற்றவற்றை வாசித்தேன். கூட்டிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். “சார், முப்பத்தொம்பதுதான் வருது. பன்னெண்டு காணோம்.”

அது யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான்.

“பன்னெண்டு என்னுதுங்க சார். நான் போனப்ப வீடு பூட்டியிருந்துது.”

பக்கத்து வீட்டுக்குப் போனவன் அவனை எங்கள் வாசலில் பார்த்திருப்பான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. “சரி, உட்காரு” என்றேன். திரும்பி நின்று கரும்பலகையில் ‘பூட்டியிருந்த வீடு: ஒன்று’ என்று எழுதினேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவனும் எழுதிக்கொண்டான்.

மணி அடித்ததும் வராந்தாவில் அவனை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கத்தான் நிறுத்தினேன். வாயில் வந்தது வேறு. “ஏம்பா அப்படிச் சொன்னே?”

அவன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் பஸ் ஏறி எங்க ஊட்டுக்குப் போயிடுவேன் சார். நீங்க அந்த ஊட்லயேதான இருக்கணும்?”

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். நான் வீட்டுக்குப் போனேன்.