மூன்று மாதச் சர்க்கரை

என் மாமனாரின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்க நான் கற்றுக்கொண்டது அக்கறையால் என்று வீட்டில் இன்றும் நம்புகிறார்கள். அக்கறையாவது ஒன்றாவது. பழி வாங்கத்தான் கற்றுக்கொண்டேன்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. மாதாமாதம் வேங்கிக்காலில் எங்கள் தெருமுனை லேபில் இரண்டு முறை ரத்தம் கொடுப்பார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. முதலாவது ஓரளவு ஒழுங்காக இருக்கும். இரண்டாவது எகிறும். சாப்பிடுவது யார் கைச் சாப்பாடு? என் கைச் சாப்பாடு. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனாருக்கு இது போதாதா?

"வெறும் வயித்துல நல்லாத்தான் இருக்கு. சாப்ட்டா ஏறுதே. எங்கப்பாவுக்கு அப்படி என்னதான் போட்றீங்க அண்ணி?" என்று போனிலேயே விசாரணை வைப்பாள்.

நான் என்ன போட்டேன்? சாமை, கேழ்வரகு, கீரை. என் பிள்ளைகள் பாயசத்தைப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்படியிருந்தும் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாமனார் சொன்னார்: "என் மருமக சக்கரைய ஏத்தியே என்னை மேல அனுப்பிடுவா போலிருக்கு." பந்தியே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். இருங்க, உங்க எல்லாருக்கும் இருக்கு என்று கறுவிக்கொண்டே கை கழுவினேன்.

கிரிவலப் பாதையை ஒட்டிச் செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் எனக்கு வரவேற்பு மேஜை வேலை. ஆள் வராத நேரத்தில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொரு வரியாகத் தேடிப் படித்தேன். அப்படித்தான் ஹெச்பிஏ1சி கண்ணில் பட்டது. ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு ஏறக்குறைய மூன்று மாதம் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாத வண்டவாளமும் தெரிந்துவிடும். முந்தின ராத்திரி பட்டினி கிடந்தெல்லாம் அதை ஏமாற்ற முடியாது. இப்படி ஒரு சாட்சியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் நானே கேட்டு அந்த டெஸ்டை எழுதி வாங்கினேன். ஏழுக்குள் இருக்க வேண்டியது எட்டரை வந்தது. அதே தாளில் கிரியாட்டினின் என்று இன்னொரு வரி இருந்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று சொல்கிற வரி. அது வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. "சுகரை இப்பவே கட்டுக்குள்ள கொண்டு வரலன்னா கிட்னி தாங்காதும்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எட்டரையைக் கேட்டதும் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். "மூணு மாசம் இங்கயே இருந்து எங்கப்பாவுக்கு நானே ஆக்கிப் போட்றேன். அதுக்கப்புறம் எடுங்க அந்த டெஸ்ட்ட. கோளாறு யார் கையிலனு தெரிஞ்சிடும்."

"தாராளமா செய்ங்க" என்று அடுப்படியை விட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது வாரம். காலை ஷிப்டுக்கு ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். மாமனார் தினமும் விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கிரிவலப் பாதைக்கு வந்து நடப்பார். சர்க்கரைக்கு நடை. அன்று யாரோ புண்ணியவான் ஓரமாக மேஜை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு தொன்னையை வழித்துத் தின்றுவிட்டு, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அடேயப்பா! பிரசாதம் என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நாக்கு வராது. அதில் சர்க்கரை இருக்கிறது என்ற நினைப்பும் வராது. டெஸ்ட் அன்றுகூட என் கேழ்வரகு இட்லியைத் தின்ற கையோடு "ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வர்றேன்" என்று அவர் கிளம்புவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் போன் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். ஆனால் என் பெயர் மட்டும் கழுவப்பட்டால் எனக்குப் போதாது. நாத்தனார் சமையலில் முழு மூன்று மாதம் ஓட வேண்டும். அந்த எண் அவள் தலையில் வந்து விழ வேண்டும். கிரியாட்டினின் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் நாலைந்து முறை பார்த்தேன். ஒரு முறை கேசரி, ஒரு முறை லட்டு. வீட்டில் நாத்தனார் பாகற்காய்ச் சாறு பிழிந்து, வெந்தயம் ஊற வைத்து, மூச்சு முட்ட வேலை செய்தாள். "உங்க கைப்பக்குவம் வராது எனக்கு" என்று அவளை ஏற்றிவிட்டேன். அவளும் நம்பினாள். மூன்று மாதமும் எனக்கு நல்ல தூக்கம்.

ரிசல்ட் அன்று நாலு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். பத்தே முக்கால்.

"எட்டரையில இருந்தவருக்கு எப்படி இவ்ளோ ஜாஸ்தி ஆச்சு? யாரு சமையல் பாக்கறது?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான்" என்றாள் நாத்தனார். முகம் செத்துப்போய்விட்டது. ஐயோ, அந்த ஒரு நிமிடம்! வளைகாப்புப் பந்தி மொத்தத்தையும் அந்த அறையில் கொண்டு வந்து உட்கார வைக்க மாட்டோமா என்றிருந்தது எனக்கு. அப்பாவுக்கு நானே வினை வச்சிட்டேனே என்று அவள் அழத் தொடங்கியதும் மாமனாருக்குத் தாங்கவில்லை. பொங்கல், கேசரி எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டார். நான் ஆச்சரியப்பட்ட மாதிரி வாயில் கை வைத்துக்கொண்டேன்.

டாக்டர் இரண்டாவது தாளைத் திருப்பினார். கிரியாட்டினின் வரம்பைத் தாண்டிப் போயிருந்தது. "எல்லாம் இந்த மூணு மாசத்துலதான் வந்துச்சுனு சொல்லமாட்டேன். ஆனா இந்த மூணு மாசத்த விட்டிருக்கக் கூடாது. போன கிட்னி திரும்ப வராதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கணும், அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் உப்புக் குறைத்து ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி மறுபடி என்னிடம் வந்திருந்தது. மாமனார் வாசலில் வந்து நின்றார். நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"முதல் நாளு நீ ஸ்கூட்டிய நிறுத்திப் பாத்துட்டு நின்னியே, நானும் உன்னப் பாத்தேம்மா" என்றார். "போச்சுடா, நீ வீட்ல சொல்லிடுவியேனு நடுங்கிட்டே வந்தேன். நீ மூச்சே விடல. உன்னப் போயி பந்தியில அப்படிப் பேசினேனே. மன்னிச்சிடும்மா. எம் பொண்ணா இருந்தாக்கூடக் காட்டிக் குடுத்திருப்பா. நீ குடுக்கமாட்டன்ற தைரியத்துலதான் தினமும் போனேன்."

அதற்கும் நான் மூச்சு விடவில்லை.