மூலையில் போகிற மூன்று செக்கன்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் குடியேறிய புதிதில், எதிர்வீட்டுக் கிழவர் காலையில் ஜன்னலோரம் இருந்து கொப்பியில் ஏதோ எழுதுவார். எப்போது தெரியுமா? ஷிப்டுக்குப் பிந்திவிட்டதென்று நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது மட்டும். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் உங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தால், அடுத்த நாள் வீட்டைச் சுற்றித் துப்பாக்கியோடு ஆமி நிற்கும்.

"உந்த மனிசன் எங்களைப் பற்றி ஆருக்கோ எழுதிக் குடுக்குது. நீங்கள் பின்பக்கத்தால போங்கோ" என்றாள் என் மனைவி கமலா. நானும் பெரிய வீரன்தானே! மூன்று நாள் குப்பைவாளிகளுக்கு நடுவே, பின் ஒழுங்கையால் பதுங்கிப் பதுங்கிப் போனேன்.

நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. கிழவர் ஊன்றுதடியும் கொப்பியுமாக நின்றார். கமலா சாமிப்படத்தைக் கும்பிடத் தொடங்கிவிட்டாள்.

"சுகமில்லையா? மூன்று நாளாக ஓடவில்லையே" என்று ஆங்கிலத்தில் கேட்டபடி கொப்பியை நீட்டினார். வீட்டுப் படியிலிருந்து பஸ் தரிப்புவரை நான் ஓடிய நேரமெல்லாம் நிமிஷமும் செக்கனுமாக நாள்வாரியாக இருந்தது. "நன்றாக ஓடுகிறாய். ஆனால் தெரு மூலையில் திரும்பிப் பார்க்கிறாய். மூன்று செக்கன் வீண்!"

அட கடவுளே! சிரிப்பதா, அழுவதா? தேத்தண்ணீர் குடித்தபடி தன் கதையைச் சொன்னார். பெயர் லெவின், யூதர், ரஷ்யாவிலிருந்து தப்பிவந்த தையல்காரரின் மகன். இரண்டாம் உலகப்போருக்கு முன் நெடுந்தூர ஓட்டக்காரர். பெரிய போட்டிகளெல்லாம் சனிக்கிழமை. அது அவர்களுடைய ஓய்வுநாள், அப்பா விடமாட்டார். "சனிக்கிழமை வென்றவனை ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குக் கூட்டிப்போய்த் தோற்கடிப்பேன்!" தொடையில் அடித்துச் சிரித்தார். பிறகு மெல்ல, "என் அப்பாவும் ஒவ்வொரு மூலையிலும் திரும்பிப் பார்ப்பார்" என்றார்.

அடுத்த மாதம் பார்க்கில் ஒரு ஞாயிறு ஓட்டப்போட்டி. என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, திரும்பிப் பார்க்கக்கூடாது.

"இந்த வண்டியோட எனக்கு ஏலுமே?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிக் கமலாவைக் கேட்டேன்.

"ஏலாதெண்டு அந்தாளுக்கு ஆர் சொல்லுறது? ஓடுங்கோ!"

ஓடினேன். முதல் சுற்றில் திரும்பவில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஒருநாளாவது துரத்தப்படாதவனாக ஓடிவிட வேண்டுமென்று பல்லைக் கடித்தேன். முடிவுக்கோட்டில் கமலா கத்துவது கேட்டது. கடைசி மூலையில் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

பின்னால் ஆமி இல்லை, ஜீப் இல்லை. ஓட்டக்காரர்கூட ஒருவரும் இல்லை. நான்தான் கடைசி! வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கோட்டைக் கடந்தேன். சந்தோஷமென்றால் அப்படியொரு சந்தோஷம்.

வழக்கில் வென்ற கடிதம் வந்த காலையும் பஸ்ஸுக்கு ஓடினேன். கால்கள் லண்டன்காரனுடையவை, ஒரு பிசகும் இல்லை. மூலை வந்ததும் கழுத்து ஊர்ப்பக்கம் திரும்பியது. எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "மூன்று செக்கன்!"