நான் மாற்றிக் கேட்ட ஜெபம்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. உயிரோடு நின்று சொல்ல வைத்தவருக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மும்பை தாராவியில். தண்ணீர் குடித்தாலே உடம்பு போடும் ரகம் நான். சந்துப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் 'மோட்டி', குண்டச்சி. ஊர் வாயை மூட முடியுமா? வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். விண்ணப்பம் கேட்டால் அம்மாதான் முந்திக்கொள்வாள்.

"எம்பிள்ளைக்கு ஒடம்பு கொறையணும், நல்ல எடம் அமையணும். ஜெபிச்சுக்கோங்க."

எல்லாரும் என் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். அம்மா ஆசையில்தான் கேட்டாள். எனக்கோ, ஆண்டவருக்கே பிடிக்காத உடம்பு இது என்று மனதில் பதிந்துவிட்டது. கண்ணாடி பார்ப்பதையே விட்டேன். என்னை எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் தொடங்கினேன். ஈஸ்டர் முடிந்தும் நிறுத்தவில்லை. சபையில் என் பக்தியை மெச்சினார்கள். அது பக்தி இல்லை, பட்டினி. அந்தப் புகழ்ச்சிக்குள் ஒளிந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

செம்பூரில் எனக்கு வேலை. ஒரு வெள்ளிக்கிழமை லோக்கல் ரயிலில் திரும்பும்போது, ஒரு அம்மா எழுந்து, "பைட்டோ பேட்டி", உட்காரும்மா என்று இடம் கொடுத்தாள். நான் மாசமாக இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மறுத்துச் சொல்ல வெட்கப்பட்டு, மடியில் பையை வைத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கும்போது, இனி இருந்து என்ன பயன் என்று தோன்றிவிட்டது.

வீட்டில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அம்மா வழக்கமான விண்ணப்பத்தைத் தொடங்கினாள். "ஆண்டவரே, வாயைத் திறக்கப் பலம் தாரும்" என்று உள்ளுக்குள் கேட்டேன். அவ்வளவுதான் என் ஜெபம். கொடுத்தார்.

"அது வேண்டாம்மா. எனக்குச் சாகணும் போல இருக்கு. அந்த நெனப்பு போகணும்னு ஜெபிங்க."

கூட்டத்தில் பாட்டு நடத்தும் எஸ்தர் அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கடைசியா எப்ப வயிறாரச் சாப்புட்ட?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அழுது தீர்த்தேன். அன்று என்னைத் தனியே விடவில்லை. மறுநாளே அக்காவும் அம்மாவும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இன்னும் போகிறேன். மாத்திரையும் உண்டு, ஜெபமும் உண்டு.

உடம்பு குறையவில்லை. சாகும் எண்ணம் குறைந்தது. சில நாள் எட்டிப் பார்க்கும். மறைக்காமல் அக்காவுக்குப் போன் போட்டுவிடுவேன்.

என் தங்கை கல்யாணப் போட்டோ ஒன்றில்கூட நான் இல்லை. ஒளிந்தது நான்தான். இத்தனை வருடம் என்னைச் சுமந்த உடம்புக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போனேனே. அந்த நாட்கள் திரும்பாது.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருக்கிறவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவர் மனிதரைக் கொண்டும் பதில் தருகிறார். ஒரு பிள்ளை ஓயாமல் உபவாசம் இருந்தால், மெச்சுவதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மா விண்ணப்பம் சொல்ல எழுந்தாள்.

"எம்பிள்ள இருக்கா. அதுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.