சிவப்பு அட்டை தூக்கிய பிரின்சிபால்

கன்னிகா சத்தியவேட்டுக்காரி. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடமாக முதலாமாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறாள். அவள் கரும்பலகையை நிரப்ப, பிள்ளைகள் வரி விடாமல் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையிலும் அப்படியே எழுதிவைப்பார்கள்.

போன வருடம், நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தி முடித்த கையோடு சும்மா கேட்டுவைத்தாள்: "லாரியும் ஸ்கூட்டரும் மோதுது. எது எதை அதிக விசையோட தள்ளும்?"

"லாரி!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

இரண்டு விசையும் சமம் என்று அப்போதுதான் எழுதி முடித்திருந்தார்கள். கன்னிகாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மூன்று நிறத்தில் அட்டை வெட்டிக்கொண்டு வந்தாள். லாரி என்றால் சிவப்பு, ஸ்கூட்டர் என்றால் மஞ்சள், சமம் என்றால் பச்சை.

"தூக்குங்க. அப்புறம் பக்கத்துல கீறவங்களோட சண்ட போடுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

அறுபது பேர் தமிழிலும் தெலுங்கிலும் போட்ட கூச்சலில் பிரின்சிபால் பூவராகவனே எழுந்து வந்துவிட்டார். நகரிக்காரர், கனத்த உடம்பு.

"இன்னாம்மா இது, கிளாஸா, சந்தையா?"

"நீங்களும் ஒண்ணு தூக்குங்க சார்."

யோசிக்காமல் சிவப்பைத் தூக்கினார்.

"தப்பு சார்!" என்றது கடைசி பெஞ்ச். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஷோபா. சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள்.

"எப்படிச் சொல்ற? காட்டு பாக்கலாம்," என்றார் பிரின்சிபால்.

ஷோபா கேட்டபடி ஆபீஸிலிருந்து சக்கரம் வைத்த இரண்டு நாற்காலிகளும், லேபிலிருந்து இரண்டு ஸ்பிரிங் தராசுகளும் வந்தன. அவளும் பிரின்சிபாலும் எதிரெதிரே உட்கார்ந்து, தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டினார்கள்.

"இழுங்க சார்."

ஷோபாவின் நாற்காலி சர்ரென்று ஓடி வந்தது. அவருடையது லேசாக அசைந்தது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்துக்கு ஒருவராக நின்று தராசைப் பார்த்தவர்கள், "ஆறு கிலோ!" "இங்கியும் ஆறு!" என்று கத்தினார்கள்.

"நான் எடை கம்மி, அதான் ஓடி வந்தேன் சார். விசை ஒண்ணுதான்."

"இரு, இன்னொரு தபா." மூன்று தபா இழுத்துப் பார்த்தார். விசில் பறந்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். "அந்தக் கோடியில கீற கட்டடத்துல ரூம் தரேன். அங்க போயி கத்துங்க."

அடுத்த திங்கட்கிழமை பஸ் தாமதம். கன்னிகா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, வகுப்பு அவள் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. 'ஓடுற ரயிலில் நேரா மேல குதிச்சா எங்க விழுவோம்?' என்று பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள். நாலு பேர் பெஞ்ச் மேலேறி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஷோபா மட்டும் நகர்ந்து இடம் விட்டாள்.