சந்தனம் வைத்த பென் டிரைவ்

வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு எதுவும் தப்பாது. கேற் துருப்பிடிக்கும், மின்விசிறி துருப்பிடிக்கும், யன்னல் கம்பி துருப்பிடிக்கும். அந்த வெள்ளிக்கிழமை காலை ஒரு தையல் கடையின் சேர்வர் கம்ப்யூட்டரும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

"தம்பி, பெட்டி எழும்புதில்லை. கெதியா வாரும்" என்று கடைக்கார அன்ரி போனில் கூப்பிட்டார். கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுக்கும் சிறிய கம்பனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. தனியாக என் பொறுப்பில் விட்டிருந்த முதல் கடையும் அதுதான்.

கடலுக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கும் அந்தக் கடை கல்யாண பிளவுஸுக்குப் பெயர் போனது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு யாராவது சொந்தக்காரர் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார். அளவெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்ததால் அளவுக் கொப்பி எழுதும் பழக்கத்தைக் கடை எப்போதோ விட்டிருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. டிஸ்க்கிலிருந்து கிட் கிட் என்று சத்தம் வந்ததே தவிர ஒரு எழுத்துக்கூட வரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளைக்குக் கல்யாணம்" என்றார் அன்ரி. "கூறைச் சாறி பிளவுஸ் இன்னும் வெட்டேல்லை. பிள்ளையின்ர அளவு உதுக்குள்ளதான் கிடக்கு."

"போன் பண்ணிக் கேட்க ஏலாதா அன்ரி?"

"பிள்ளை இப்ப பிளேனுக்குள்ள. வந்து இறங்கினாப் பிறகு அளந்து தைக்க நேரம் காணாது. போன முறை ஒருத்தி தானே அளந்து அனுப்பினவள், குளிர்ச் சட்டைக்கு மேலால! ரெண்டு பேர் உடுக்கலாம் அந்த பிளவுஸை."

"பயப்படாதீங்க, பேக்கப் இருக்கு" என்றேன். ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் எல்லா அளவுகளின் பிரதியும் ஒரு பென் டிரைவில் போய்ச் சேரும்படி நான் செய்து வைத்திருந்தேன். "பென் டிரைவ் எங்கே?"

அன்ரி சாமித் தட்டைக் காட்டினார். பிள்ளையாருக்குப் பக்கத்தில், செவ்வரத்தம் பூவுக்குக் கீழே, மூடி கழற்றிய பென் டிரைவ் இருந்தது. தலையிலும் வாயிலும் சந்தனம், சந்தனத்துக்கு மேலே குங்குமம்.

"நீர்தானே சொன்னனீர், இதுதான் கடையின்ர உயிர் எண்டு. அதுதான் வெள்ளிக்கு வெள்ளி எடுத்து வைக்கிறனான். இண்டைக்குத்தான் மூடியையும் கழட்டி வடிவாச் சந்தனம் வைச்சனான்."

சொன்னது உண்மைதான். என் லப்டொப்பில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. வாய்க்குள் சந்தனம் காய்ந்து இறுகிப் போயிருந்தது.

மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்த நானா சிரித்தார். மாளிகாவத்தையிலிருந்து வருகிற முஸ்லிம் அண்ணன், கடையின் பெரிய கட்டர். "அன்ரி, ஒங்கட சாமிக்கு சந்தனம் ஒத்துக்கும். இந்தக் குட்டி மெசினுக்கு ஒத்துக்கல்ல போல."

"நீங்கள் சும்மா இருங்கோ நானா. பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

"பாத்துக்கொண்டுதானே இருந்தார்!"

பகிடி விட்டாலும் கை கொடுத்தவர் அவர்தான். தையல் மெசினின் பொபின் பெட்டிக்குள் சேரும் நூல் தூசியைத் தட்டுகிற மெல்லிய தூரிகையை எடுத்துத் தந்தார். பக்கத்து ஃபார்மசியில் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கித் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். மறுபடி செருகியபோது திரையின் மூலையில் சின்னப் படம் ஒன்று எட்டிப் பார்த்தது. நேற்றைய திகதியோடு பேக்கப் உள்ளே இருந்தது. அன்ரி கையெடுத்துக் கும்பிட்டார், என்னையா பிள்ளையாரையா என்று தெரியவில்லை.

என் லப்டொப் பழசு, கடையின் மென்பொருளைத் தாங்காது. பேக்கப்பை இறக்கி அளவுகளைத் திரும்ப எடுக்க வேறொரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையின் சிறிய கிளை ஒன்று கொட்டாஞ்சேனையில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பட்டுத் துணியோடு நானாவும் பென் டிரைவோடு நானும் ஒரு த்ரீவீலில் ஏறினோம். காலி வீதியில் கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை ஊர்ந்துதான் போனோம். நான் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே இருந்தேன்.

"தம்பி, நெஞ்சுவலியா?" என்றார் நானா.

கொட்டாஞ்சேனைக் கம்ப்யூட்டரில் மென்பொருளை ஏற்றி, பேக்கப்பை இறக்கச் சொன்னேன். உடனே சிவப்பு எழுத்தில் ஒரு மறுப்பு. பேக்கப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தான் முன்பு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருந்ததோ அங்கேதான் திரும்பிப் போவேன் என்று நிற்கும். வெள்ளவத்தையில் அது குடியிருந்த D டிரைவ் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை. வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. உன் புது இடம் இது என்று நாம்தான் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாக ஒரு ஃபோல்டர் திறந்து, பேக்கப்புக்குள் இருந்த இரண்டு கோப்புகளுக்கும் அந்த விலாசத்தைக் கொடுத்தேன். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது.

"நின்டுட்டா?" என்று நானா இரண்டு தரம் கேட்டார். நிற்கவில்லை. கோடு முழுதாக நிறைந்தது. கல்யாணப் பெண்ணின் பெயரைத் தட்டினேன். தோள், கை, நெஞ்சு, இடுப்பு என்று எல்லா அளவுகளும் வரிசையாக வந்து நின்றன. கதிரையை விட்டு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

நானா கத்தரிக்கோலைத் தொடவே இல்லை.

"இது அந்தப் புள்ளட அளவுதான்னு எப்படிச் சொல்றீங்க? எடம் மாறி வந்த சாமான். ஒராள்ட அளவு இன்னொராளுக்கு மாறி இருந்தா?"

"மாறாது நானா."

"தம்பி, ஒங்கட சாமான போனா திரும்ப எறக்கலாம். வெட்டின துணிய எறக்க ஏலுமா?"

கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டரால் சரிபார்த்துக் காட்டினால் அவர் நம்பப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா சோற்றுப் பார்சலோடு வாசலில் வந்து நின்றார். வெள்ளவத்தையிலிருந்து கிளம்பும்போது போன் பண்ணியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதெல்லாம் என்னைக் கொண்டுபோய் விடத்தான். என் வேலையை அவர் அதுவரை பார்த்ததில்லை. "இதுதானாடா?" என்று திரையைப் பார்த்தார். "டிவி பெட்டி மாதிரி இருக்கு."

அவரைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது. போன தீபாவளிக்கு என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு அந்தக் கடையில்தான் பிளவுஸ் தைப்பித்தேன். அவருடைய அளவும் இதே பேக்கப்பில் இருக்க வேண்டும்! கிளையில் தைக்கிற அக்காவைக் கூப்பிட்டு, அம்மாவை அளக்கச் சொன்னேன்.

"எதுக்குடா? எனக்கா கல்யாணம்?"

அக்கா அளந்து சொல்லச் சொல்ல, நான் திரையைப் பார்த்தேன். தோள் சரி. முதுகு நீளம் சரி. கை நீளம் சரி. இடுப்பு வந்தது. இரண்டு அங்குலம் பிசகியது. அக்கா மறுபடி அளந்தார். அதே இரண்டு அங்குலம்.

நானா திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். அக்காவால் அடக்க முடியவில்லை.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுது தம்பி. அம்மாதான் உடம்பு கூடிட்டாங்க."

அம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "கூடாம? அவன் வேலைக்குப் போனதுல இருந்துதானே நானும் நேரத்துக்குத் திங்கிறேன்" என்றார்.

"எலும்பு பொய் சொல்லாது" என்று நானா எழும்பினார். தோளும் முதுகும் கையும் பொருந்தியது அவருக்குப் போதுமாக இருந்தது. பட்டை விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்.

"அந்தப் புள்ளயும் இவங்களப் போல கூடியிருந்தா?" என்று அக்கா கேட்டார்.

"கல்யாணப் புள்ளைகள் குறையிறதுதான், கூடுறல்ல. எதுக்கும் உள்ளுக்குத் துணி விடுறன்."

கத்தரிக்கோல் பட்டில் இறங்கிய சத்தத்தைக் கேட்டபடி, அம்மா கொண்டுவந்த சோற்றை நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, நானா கையும் கழுத்தும் வெட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் அன்ரியின் குரல் போனில் வந்தது. பின்னால் நாதஸ்வரம். "தம்பி, பிளவுஸ் அச்சாவா இருக்குது! ஒரு நூல் பிரிக்கேல்லை, ஒரு ஊசி குத்தேல்லை. பிள்ளை கண்ணாடிக்கு முன்னாலயிருந்து வரமாட்டாளாம்!"

இப்போது அன்ரி பென் டிரைவின் மூடிக்கு மட்டும்தான் சந்தனம் வைக்கிறார். மாதம் ஒருமுறை நான் பேக்கப்பைக் கொட்டாஞ்சேனையில் இறக்கி, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். அன்று சோறு கொண்டுவரும் அம்மா பார்சலை மேசையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே அக்காவுக்கு முன்னால் கையை விரித்து நிற்பார்.

"இந்தத் தடவ எவ்வளவுடா?" என்பார், பெருமையாக.