துரை வீட்டு ஸ்பீக்கர்களில் ஒன்று

மூணாறுக்கு மேலே இந்த எஸ்டேட்டில் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். மேசையில் விட்டால் காலையில் குச்சியின் மருந்து சேறாகக் கையோடு வரும். மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில் காகிதம் எதுவும் உருப்படாது. ஸ்பீக்கருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பும் காகிதம்தான். இது எங்கள் ஆபீசில் எனக்கு மட்டுமே தெரியும். அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் ஏழாண்டு பிழை திருத்தியவன் நான். கிளார்க் வேலைக்கு மலையேறியபோது என்னிடம் ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் இருந்தன, ஸ்பீக்கர் இல்லை. இரண்டு வருடம் ரெக்கார்டுகளைத் துடைத்துத் துடைத்து உறையில் போட்டேன். பிறகு துரை சீமைக்குத் திரும்பப்போவதாகவும் பங்களா சாமான்களை ஸ்டாஃபுக்கு விற்பதாகவும் அறிவிப்பு வந்தது. அவர் ஹாலில் இடுப்புயரத்துக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

விற்பனையன்று என் பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் சுமந்துகொண்டு போனேன். ஆபீஸ் மொத்தமும் அந்தப் பெட்டிகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தது, பலாப்பழம் வாங்குவதுபோல. தேக்கா என்றார் ஒருவர். உள்ளே துணி வைக்கலாமா என்றார் இன்னொருவர். கோவையில் பழைய ரேடியோ விற்பவர் ஒருமுறை என் கையைத் தட்டிவிட்டது நினைவுக்கு வந்தது. "ஏனுங்க, மரத்தையா கேக்கப் போறீங்க? காயிதத்தப் பாருங்க."

முன்துணியைக் கழற்றி இரண்டு விரலால் கூம்பை அழுத்தினேன். ஒன்று சத்தமில்லாமல் போய்த் திரும்பியது. மற்றது உரசியது, ஓரத்தில் பூஞ்சை. ஒயரை மாட்டி ரெக்கார்டை ஓடவிட்டேன். பாடகியின் குரல் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமுமாகப் பிரித்துப் பதிந்த கச்சேரி. பெட்டியைத் தட்டிய விரல் முட்டிகள் ஓய்ந்தன.

தலைமைக் குமாஸ்தா சங்கரலிங்கம் அண்ணாச்சி, தென்காசிக்காரர், என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏன்வே, ரெண்டுல எது ஒசத்தி?"

விரலால் காட்டித் தொலைத்தேன்.

எஸ்டேட்டில் எதற்கும் சீனியாரிட்டி உண்டு. வரிசைப்படி ஆளுக்கு ஒரு பொருள். முதல் ஆள் அண்ணாச்சி. நான் காட்டிய பெட்டியின் தலையில் கைவைத்தார். என் முறை வந்தபோது உரசுகிற பெட்டி மட்டும் நின்றது. பட்டியல் எழுதிய ஸ்டோர்கீப்பர் கோட்டயத்துக்காரர். இது ஜோடி என்று அவரிடம் சொன்னேன்.

"ஒராளுக்கு ஒரு சாதனம்."

"துரையோட பூட்ஸ மட்டும் ஜோடியாக் குடுத்தீங்களே?"

"அது கெட்டியிட்டுண்டு. இது கெட்டியிட்டில்லா."

கயிற்றால் கட்டியிருந்தால் இரண்டும் ஒன்று. அவ்வளவுதான் சட்டம்.

அண்ணாச்சியிடம் விலைக்குக் கேட்டேன். "ஒமக்குத்தான் ஒண்ணு இருக்கேவே. காது ரெண்டு இருக்குங்கதுக்காவ ரெண்டு கேப்பீரோ?" ஆபீசே சிரித்தது. ஆமாம், அதற்காகத்தான். சொல்லிப் பயனில்லை.

அவர் வீட்டில் அதன்மேல் ஒரு பின்னல் விரிப்பு, பிளாஸ்டிக் ரோஜா. முன்துணி அழுக்காகாமலிருக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். வருகிறவர்களிடம் "துரை வீட்டுச் சாமான்" என்பார். ஓர் ஒயர்கூட அதைத் தொட்டதில்லை.

சென்ற மாதம் அவர் ஓய்வுபெற்றார். போடி வழியாகத் தென்காசிக்கு இறங்கும் லாரியில் அந்தப் பெட்டியை ஏற்றியவன் நான். "பாத்துவே, மரம் கீறிரும்" என்றார். மாலைக்குள் அது செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்கும். மலையிறங்கும் நாளை எண்ணுகிறவன் நான், இறங்கியது அது.

என் ஆம்ப்ளிஃபயரில் இரு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே பெட்டியில் தரும் பொத்தான் உண்டு. அழுத்துவதில்லை, அழுத்தினால் ஒன்று போதும் என்று நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். ஒரு நாள் இடப்பக்க ஒயரைச் செருகுகிறேன்: குரல் தனியாக, கரகரத்துப் பாடுகிறது. மறுநாள் வலப்பக்க ஒயர்: யாரும் பாடாத வரிகளுக்கு வயலின் பதில் வாசிக்கிறது.